காலண்டரில் ஒரு பெட்டி

"இந்தப் பெட்டி தானா அங்க போய் உக்காந்துச்சா, நீ உக்கார வெச்சியா?"

துபாய் கம்பெனியில் கூட வேலை பார்த்த பாகிஸ்தான்காரர், நாங்கள் சாச்சா (சித்தப்பா) என்று கூப்பிடுபவர், கேட்டது இவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை, பண்டலை எண்ணிக்கொண்டே கேட்டார். நான் சொன்ன பதில்: "டிசைன் அப்படி, சாச்சா." வருடங்கள் ஓடிவிட்டன, ஆனாலும் துபாய் பக்கம் யாராவது வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் எனக்கு அந்த மூன்று வார்த்தைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

பெட்டியை வைத்தது நான்தான். கம்பெனிக் காலண்டர், கப்பல் வழி, லாரி வழி எல்லாம் காட்டும் மேப், சென்னைக்கும் போகும், கராச்சிக்கும் போகும். இந்திய அரசு சொல்லும் எல்லையோடு ஒத்துப்போகாத மேப்பை அச்சிட்டால் ஜெயில் வரைக்கும் போகலாம் என்று நம் ஊரில் 1961லிருந்து சட்டம் இருக்கிறது, கஸ்டம்ஸில் பிடித்தால் பண்டல் மொத்தமும் போச்சு. அதே மேப்பை அப்படியே போட்டால் கராச்சி ஏஜென்ட் சுவரில் மாட்ட மாட்டார். புள்ளிக்கோடு போடலாம், அதில் இரண்டு பேருக்கும் கோபம் வரும். மேனேஜர் இரண்டு டிசைனுக்குக் காசு இல்லை என்று சொல்லிவிட்டார். சரி என்று, எந்த நிறம் எந்த வழி என்று விளக்கும் பெட்டியை எடுத்து பதான்கோட்டுக்கு மேலே கில்கித் வரை மூடுகிற மாதிரி வைத்தேன். மேனேஜர் தோளில் தட்டினார். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொன்னால் பொய்.

சாச்சாவுக்கு எந்த ஊர் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. பாகிஸ்தானி என்றால் பஞ்சாபி, இல்லாவிட்டால் பட்டாணியர், நமக்கு அவ்வளவுதான் கணக்கு. (நான் பேசும் இந்தியே அவரிடம் கற்றுக்கொண்டதுதான், டெல்லியில் பேசினால் பாதி உருது என்று சிரிக்கிறார்கள்.) அவர் மீர்ப்பூர்க்காரர். நம் பாடப்புத்தகம் ஆக்கிரமிப்புக் காஷ்மீர் என்று சொல்கிற, அவர் ஆசாத் காஷ்மீர் என்று சொல்கிற இடம்.

என் பதிலைக் கேட்டு அவர் சிரித்தார். "பரவாயில்ல பேட்டா, என் வீடு ஏற்கெனவே தண்ணிக்கு அடியிலதான் இருக்கு. இப்ப உன் பெட்டிக்கு அடியிலயும் போயிடுச்சு."

தண்ணீர் என்று அவர் சொன்னது மங்களா அணையை. ஜீலம் நதியில் 1967ல் கட்டி முடித்தது. பழைய மீர்ப்பூர் நகரம் அதில் முழுகிப்போனது, ஒரு லட்சம் பேருக்கு மேல் ஊரை விட்டுக் கிளம்பினார்கள், நிறையப் பேர் இங்கிலாந்துக்கே போய்விட்டார்கள். குளிர்காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய தர்காவும் கோயிலும் வெளியே தெரியும், ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள் என்றார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனோ என்னவோ. இந்தியாவுக்கு முன்பின் வந்தே இராத பிரிட்டிஷ் வக்கீல் ராட்கிளிஃப் 1947 ஜூலையில் வந்து ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் அறுத்தார். காஷ்மீர் சமஸ்தானம் அவர் கணக்கிலேயே இல்லை, அங்கே கோடு போட்டது போர். ஆனால் பஞ்சாபில் அவர் போட்ட கோட்டில் கால்வாயின் தலை இந்தியப் பக்கம், வயல் பாகிஸ்தான் பக்கம் என்று விழுந்தது. 1948 ஏப்ரலில் இந்தியப் பக்கம் மதகை மூடினார்கள். அந்தச் சண்டைதான் உலக வங்கி நடுவில் உட்கார்ந்து 1960ல் சிந்து நதி ஒப்பந்தமாக முடிந்தது. கிழக்கே மூன்று ஆறு நமக்கு, மேற்கே மூன்று ஆறு அவர்களுக்கு. கைவிட்டுப்போன கிழக்குத் தண்ணீருக்கு ஈடாக மேற்கு ஆறுகளில் தேக்க வேண்டும் என்றுதான் மங்களா எழுந்தது. ஆக, பஞ்சாபில் விழுந்த கோடு சாச்சாவின் வீட்டை முழுகடித்திருக்கிறது. இரண்டு நாடும் போர் செய்யாமல் பேசித் தீர்த்துக்கொண்ட ஒரே விஷயம் என்று எல்லோரும் மெச்சும் ஒப்பந்தம் அது. 2025 ஏப்ரலில் பஹல்காம் கொலைகளுக்குப் பிறகு இந்தியா அதை நிறுத்திவைத்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது.

நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன், 1949ல் கராச்சியில் உட்கார்ந்த இரண்டு நாட்டு ராணுவக்காரர்கள் செய்ததைத்தானே என்றும் தோன்றும். காஷ்மீரில் போர்நிறுத்தக் கோட்டை, பின்னாளில் என்ஜே9842 என்று மேப்பில் குறிக்கப்பட்ட புள்ளி வரைக்கும் கொண்டுவந்தார்கள், அதற்கு மேல் "அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை" என்று எழுதி எழுந்துவிட்டார்கள். மனுஷன் போகாத இடம், யார் சண்டை போடப்போகிறார்கள்? 1972ல் சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு கோட்டைத் திரும்ப வரைந்தபோதும் அதே புள்ளியில்தான் நிறுத்தினார்கள். 1984ல் அந்தப் பனியாறுகளில் ஒன்றான சியாச்சினில் படை ஏறியது, குண்டைவிடக் குளிருக்குச் செத்தவர்கள் அதிகம். அவர்களும் ஒரு பெட்டியைத்தான் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஆனால் அவர்கள் கையில் படை இருந்தது, என்னிடம் காலண்டர். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது எனக்கே கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது. பெட்டியால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த வருடம் இரண்டு நாட்டு ஆட்களும் அதே காலண்டரில் லீவு நாளை வட்டம் போட்டார்கள்.

உறுத்துவது வேறு. ஃபைலில் அந்தப் பெட்டி லேயரை அணைத்துப் பார்த்தேன். அடியில் இருந்தது பத்தாம் வகுப்பில் நான் வரைந்து பழகிய முழு மேப், ஆப்கானிஸ்தானைத் தொட்டுக்கொண்டு. அந்த 106 கிலோமீட்டர் எல்லையில் ஒரு இந்தியக் காவலாளிகூட நின்றதில்லை. நடுநிலை என்று நினைத்து மூடினேன், மூடியதற்கு அடியில் எல்லாம் என் நாடாகத்தான் இருந்தது. வேறு எப்படி வரைவது என்று எனக்குத் தெரியாது, வரையவும் மாட்டேன். அதை அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். "நான்தான் வெச்சேன் சாச்சா" என்று சொல்ல என்ன தடுத்தது?

ஊருக்குப் போகும்போது மூன்று காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் என் மேஜைக்கு வந்து, "அடுத்த வருஷம் பெட்டியை ஒரு விரல் அளவு அந்தப் பக்கம் தள்ளு, மீர்ப்பூர் தெரியும்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகவா என்று இன்றும் பிடிபடவில்லை. தள்ளினால் தெரிகிற அந்த ஒரு விரலுக்கு ஒரு நிறம் கொடுத்தாக வேண்டுமே. "பாக்கறேன் சாச்சா" என்றேன்.

அடுத்த டிசம்பரில், மேப் எல்லாம் வேண்டாம், ஒரு கப்பல் படம் போடலாம் என்று மேனேஜரிடம் யோசனை சொன்னது நான்தான்.