கோழிக்கால் ஃபைகஸ்

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே அம்மா பெயர் வைத்துவிட்டார், கோழிக்கால் என்று. தப்பு சொல்ல முடியாது. விரல் தடிமனில் ஏழு வேர்கள் மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு விறைப்பாக நிற்க, உச்சியில் பந்து மாதிரி கத்தரித்த இலைகள். ஃபைகஸ் மைக்ரோகார்பா, நம் ஆலமரத்துக்கு உறவுக்காரர், சிங்கப்பூரில் சுவர் விரிசலில்கூடத் தானாக முளைக்கிற சாதி. தொட்டியில் குட்டி மரமாக வளர்க்கிற போன்சாய் கலையில், இப்படி வேர் தெரிய வளர்ப்பதை ஜப்பானியர்கள் நேஆகாரி என்கிறார்கள். மண் அரித்துப்போன ஆற்றங்கரையில் மரம் வேரை ஊன்றி நிற்குமே, அந்தத் தோற்றம் வர வேண்டும். என்னுடையது காப்பிக்கடை ஸ்டூல் மாதிரி நின்றது.

வேர் தெரிவதுதானே அழகு, இன்னும் கொஞ்சம் தெரியட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரைப் பீய்ச்சி இரண்டு அங்குல மண்ணைக் கழுவிவிட்டேன். மண்ணுக்குள்ளேயே இருந்த இளவேருக்குத் தோல் முற்றியிருக்காது, திடீரென்று காற்றும் வெயிலும் பட்டால் காய்ந்துவிடும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. எங்கள் தாழ்வாரத்தில் மூன்று மணி வெயில் நேராக அடிக்கும். நாலாம் நாள் இலையைத் தொட்டாலே உதிர்ந்தது.

கீழ்மாடியில் ஒரு சீன அங்கிள், பல வருஷமாக போன்சாய் வளர்க்கிறவர், வந்து பார்த்துவிட்டு "ஏன் லா இவ்வளவு அவசரம்?" என்று மட்டும் கேட்டார். கழுவியதை மறுபடி மூடச் சொன்னார், நிழலுக்கு மாற்றச் சொன்னார். மூன்று மாதம் கையை வைக்காதே என்றார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

துளிர் வந்தபிறகுதான் வேலை ஆரம்பித்தது. நான் கிளையை வளைக்கத்தான் துடித்துக்கொண்டிருந்தேன், அவரோ மரத்தை இன்னும் ஆழமாக நடச் சொன்னார். வேரில் பாதியை மண்ணுக்குள் இறக்கினால் மீதி பாதி நன்றாகத் தெரியுமாம். எனக்குப் புரியவில்லை. ஆனால் பியூமிஸ் என்கிற லேசான துளைக்கல்லும் எரிமலைக்கல்லும் கலந்து, மூன்று அங்குலம் இறக்கி நட்டுப் பார்த்தபோது, மேலே இருந்த அடிமரம் முதல்முறையாக அடிமரம் மாதிரியே இருந்தது.

அப்புறம் எந்த வேரை எடுப்பது என்ற கேள்வி. ஒவ்வொரு வேராகக் கறுப்புத் துணி சுற்றி மறைத்து, நாலடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னார். முன்னால் நட்டகுத்தாக நின்ற ஒன்றையும் குறுக்கே ஓடிய ஒன்றையும் மறைத்ததுமே மற்ற ஐந்தும் விரிந்து தெரிந்தன. இரண்டையும் ஒரே நாளில் வெட்டவில்லை, நடுவில் ஆறு வாரம் விட்டேன். வெட்டிய இடத்தில் பால் வடிந்து கத்தரியில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பி விஷயத்திலும் சொதப்பினேன். இடது கிளையைத் தாழ்த்த அலுமினியக் கம்பி சுற்றிவிட்டு மறந்துபோனேன். குளிர்நாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் விட்டு வைப்பார்கள், இங்கே கிளை வருஷம் முழுக்கப் பருத்துக்கொண்டே இருக்கும். ஐந்தாவது வாரம் பார்த்தால் கம்பி பட்டைக்குள் பதிந்து கிடக்கிறது. சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தேன், தழும்பு இன்னும் இருக்கிறது.

வலப்பக்கம் வேருக்கு வேர் இடைவெளி அதிகம். அங்கே கிளையிலிருந்து நூல் மாதிரி ஒரு விழுது தொங்கியது. அதை மண்ணில் இறக்கி இடைவெளியை நிரப்பலாம் என்று, பபிள் டீ குடிக்கிற தடித்த ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி, ஈரப் பாசி அடைத்து, விழுதை உள்ளே விட்டு, அடிப்பக்கத்தை மண்ணில் ஊன்றினேன். தினம் காலையில் ஸ்ட்ராவுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தட்டில் வழிவதை உடனே கொட்டிவிடுவேன். சிங்கப்பூரில் வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம், தெரியுமில்லையா?

இரண்டு மாதம் கழித்து ஸ்ட்ராவைப் பிரித்தேன். விழுது மண்ணைப் பிடித்திருந்தது, தீக்குச்சி தடிமன், இழுத்தால் அசையவில்லை. இப்போது இன்னும் இரண்டு விழுதுக்கு ஸ்ட்ரா மாட்டியிருக்கிறேன். "கோழிக்கு பபிள் டீ வேறயாடா?" என்கிறார் அம்மா.