கப்பித் தொட்டியில் செர்ரி இறால்

கப்பி மீன் குட்டி போடுகிற தொட்டியில் செர்ரி இறாலை (அழகுக்கு வளர்க்கிற குட்டிச் சிவப்பு இறால்) விட்டால் குட்டிகளைத் தின்றுவிடாதா என்று பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தின்னாது தம்பி, மீனைப் பார்த்து இறால்தான் பயப்பட வேண்டும். செத்த குட்டியை அது மொய்ப்பதைப் பார்த்துவிட்டுப் பழி போடுகிறார்கள், உயிரோடு நீந்துகிற குட்டியைப் பிடிக்க அதற்கு வேகமும் கிடையாது, அதற்கேற்ற இடுக்கியும் கிடையாது. (தாமிரபரணியில் பிடிபடுகிற நீளக்கை ஆற்று இறால் வேறு சாதி. அதைக் கொண்டுவந்து விட்டால் தாய் மீனுக்கே உத்தரவாதமில்லை.)

பெண் இறால் 20, 30 முட்டைகளை வயிற்றுக்கடியில் ஒட்டிவைத்து, நீச்சல் கால்களால் விசிறிக்கொண்டே 3, 4 வாரம் சுமக்கும். பொரிந்து வருவது சட்டென்று கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் கால், மீசை எல்லாம் வைத்த முழு இறால், கப்பிக்கு அது நல்ல தீனி. அதனால் ஜாவா பாசியை நெருக்கமாகப் போடுங்கள், கப்பிக் குட்டியும் அதிலேயே ஒளிந்துகொள்ளும். ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் சரி, மற்றது குஞ்சுகளை உறிஞ்சிவிடும்.

இறால் உரித்துப் போட்ட ஓட்டுச் சட்டையைச் செத்த இறால் என்று நினைத்து எடுத்துப் போடாதீர்கள், அதையே தின்னும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குத் தொட்டியை ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம், தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும். அப்புறம், மீனுக்கு மருந்து ஊற்றும் முன் பாட்டிலில் காப்பர் இருக்கிறதா பாருங்கள். மீன் பிழைத்துக்கொள்ளும், இறால் மொத்தமும் போயிரும்.