நவம்பர் வாசிப்பு: மந்திரமும் அதன் விலையும்

நவம்பர் 2, ஞாயிறு

இந்த மாதம் எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் மூன்று மாயக்கதைகளுக்குள் இருக்கிறோம். திருவல்லிக்கேணியில் மாமா டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படிக்கிறார். அவருக்கு இது எத்தனையாவது முறையோ. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் அண்ணன் மகள் கையில் பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்'. நான் அர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'யைத் திரும்ப எடுத்திருக்கிறேன். 1968-ல் வந்த புத்தகம். ஒருவர் கொண்டாடுவதை மற்ற இருவரும் ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் சண்டைகளை எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு.

இன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் அவள் ஒரு ரூபாய் நாணயத்தை மேசைமேல் வைத்துப் பாடம் எடுத்தாள். "அத்தை, இதுல மந்திரம்னா சும்மா கையை ஆட்டுறது இல்ல." உலோகத் துகளை விழுங்கி அதை வயிற்றுக்குள் எரிக்க வேண்டுமாம். இரும்பை எரித்தால் சுற்றியுள்ள உலோகத்தை இழுக்கலாம், எஃகை எரித்தால் தள்ளலாம். வெள்ளீயம் கண்ணையும் காதையும் கூர்மையாக்கும். துத்தநாகம் எதிரில் இருப்பவரின் உணர்ச்சியைக் கிளறிவிடும், பித்தளை அடக்கும்.

"இப்போ இந்தக் காசு தரையில கிடக்கு. கதாநாயகி வின், மேல இருந்து அதைத் தள்ளுறா. காசு எங்க போகும்? தரை விடாது. அப்போ யாரு நகரணும்?"

"அவதான்."

"அவ்வளவுதான். மேல பறப்பா. நியூட்டன் மூணாவது விதி."

விதி முன்கூட்டியே தெரிந்தால்தான் கதாநாயகி ஜெயிக்கும்போது அது ஏமாற்று வேலையாக இருக்காது என்பது அவள் கட்சி. கடைசி நேரத்தில் புதிதாக ஒரு மந்திரம் முளைத்துக் காப்பாற்றினால் அவளுக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் ஒரு மாயக்கதையில் நான் முதலில் தேடுவது அதை அல்ல.

நவம்பர் 5, புதன்

வடபழனியில் ஏறி ஆலந்தூரில் இறங்குவதற்குள் சில பக்கங்கள்தான் ஓடும். இன்று ஓடியவை நான் மிகவும் நேசிக்கும் பக்கங்கள்.

எர்த்சீ என்பது ஒரு தீவுக்கூட்டம். கெட் அங்கே ஆடு மேய்த்த பையன். ஓகியன் என்ற பெரிய மந்திரவாதி அவனைச் சீடனாக அழைத்துப் போகிறார். வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. அந்தத் தீவுகளில் மந்திரம் தெரிந்தவர்கள் ஏராளம். தன் தலைக்கு மேல் வரும் மேகத்தை ஒருவன் அடுத்த ஊருக்குத் தள்ளுவான், அந்த ஊர்க்காரன் அதற்கடுத்த ஊருக்கு. மேகம் இப்படியே அலைக்கழிந்து கடலுக்குப் போய்த்தான் நிம்மதியாகப் பெய்யும். ஓகியனோ மழையைப் பெய்ய விடுகிறார். ஒரு மரத்தடியில் படுத்துத் தூங்கியும் விடுகிறார். நனைந்துபோன பையனுக்கு எரிச்சல்: பயன்படுத்தாத சக்தி எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க அவன் பெரிய விலை கொடுக்கிறான். ரோக் தீவின் பள்ளியில், இன்னொரு மாணவனிடம் தன் திறமையைக் காட்ட, இறந்தவள் ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அந்தக் கிழிசல் வழியாக ஒரு நிழல் உள்ளே வந்து அவன் முகத்தைக் கீறுகிறது. திறந்ததை மூடியவர் தலைமை மந்திரவாதி நெம்மர்ல். மூடிய கையோடு அவர் உயிர் போகிறது. பதினைந்து வயதுப் பையனின் வீம்புக்கு ஒரு கிழவர் உயிரைக் கொடுக்கிறார். எனக்கு மந்திரம் என்றால் இது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைவிட யாரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் முக்கியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் உயிர் நண்பன் வெட்ச் கறுப்பன். வெள்ளைத் தோலுள்ளவர்கள் கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வருகிறவர்கள். 1968-ல் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதியிருக்கிறார். 2004-ல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளையனாக்கியபோது லெ குவின் சும்மா இருக்கவில்லை, கண்டித்துக் கட்டுரையே எழுதினார். வாள், கோட்டை, பொன்முடி என்றே பழகியிருந்த எனக்கு, நம் தெருவில் நடந்து போகக்கூடிய ஒரு மந்திரவாதி கிடைத்தது சின்ன விஷயமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இருவரும் மாமா வீட்டுக்குப் போனோம். பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் வழக்கம்போல் நின்றோம். பழைய கைடுகளுக்கு நடுவில் ஒன்றும் தேறவில்லை.

மாமா சாண்டர்சன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "மந்திரத்துக்கு மேனுவல் போட்டா அது மிக்ஸி ஆயிடும்மா" என்றார். அவள் விடவில்லை. "தாத்தா, உங்க காண்டால்ஃப் மூணு பாகத்துல எத்தனை தடவை மந்திரம் போடுறார்? அவரால என்ன முடியும், என்ன முடியாதுன்னு கடைசி வரைக்கும் யாராவது சொல்றாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. அதனாலதான் அவர் வந்து நின்னா பயமா இருக்கு."

அப்புறம் பாட்டுச் சண்டை. டோல்கீன் கதைக்கு நடுவே நிறையப் பாட்டு வைத்திருக்கிறார். அவள் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விட்டாளாம். மாமாவுக்கு நிஜமாகவே வருத்தம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டை வாய்விட்டுப் படித்தார். கதை நின்று பாட்டு வருவது கூத்து பார்த்து வளர்ந்தவருக்குத் தடையாகத் தெரியுமா? அவள் மரியாதையாகக் கேட்டாள். ஆனால் கருத்து மாறவில்லை. இதில் நான் மாமா பக்கம். அந்தப் பாட்டுகளை எடுத்துவிட்டால் அந்த உலகத்துக்குக் கதைக்கு முந்தைய காலம் என்று ஒன்று இல்லாமல் போகும்.

காண்டால்ஃப் விஷயத்தில் நான் இருவரிடமும் சொன்னது வேறு. அந்தக் கதையில் மந்திரம் மோதிரத்தில் இருக்கிறது, அதற்கு விதியும் இருக்கிறது. போட்டால் மறைந்துபோகலாம். போடப் போட நீ அதன் சொத்தாகிக்கொண்டே போவாய். அதை அழிக்க எரிமலை விளிம்பு வரை சுமந்து போன ஃப்ரோடோவால் கடைசியில் அதை எறிய முடியவில்லை, தனக்கே வேண்டும் என்கிறான். மோதிரத்துக்காகவே அலையும் கொல்லம் என்ற பிராணி அவன் விரலைக் கடித்துப் பிடுங்கி, அதோடு கீழே விழுவதால்தான் உலகம் பிழைக்கிறது. ஊர் திரும்பிய பிறகும் ஃப்ரோடோவின் காயம் ஆறுவதில்லை. தான் காப்பாற்றிய ஊரில் தானே இருக்க முடியாமல் கப்பலேறிப் போகிறான். இந்த முடிவுக்காகத்தான் 1954-55-ல் வந்த புத்தகத்தை மாமா இன்னும் கையில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். "ஆமா" என்றார், அதற்கு மேல் விளக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

அலுவலகத்தில் ஒருவர் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்து, "இதெல்லாம் பசங்க படிக்கிறது இல்லையா மேடம்" என்றார். சாவைப் பற்றிய புத்தகம் சார் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' படிப்பதாகச் சொன்னார். எங்கும் இல்லாத ஒரு பெருநகரம், அதன் நடுவே மலைபோலக் கோயில், கடைசியில் பிரளயம். இதையும் மாயக்கதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "தத்துவ நாவலைப் போய் இதுல சேர்க்கிறியே" என்று கோபித்துக்கொண்டார். எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். படித்ததைவிடக் கேன்டீனில் பேசியதுதான் அதிகம்.

அண்ணன் மகள் தயாராக வந்திருந்தாள். "நம்ம கதையில விதி இல்லைன்னு யார் சொன்னா? வேதாளத்தை எடுத்துக்கோங்க. பேசினா வேதாளம் திரும்ப முருங்கை மரம் ஏறிடும். பதில் தெரிஞ்சும் பேசலைன்னா தலை வெடிச்சிடும். இதைவிடச் சுத்தமான சிஸ்டம் ஏதாவது இருக்கா? அஷ்டமா சித்தின்னு எட்டா எண்ணி வச்சிருக்காங்க. அதுவும் பட்டியல்தானே?"

நன்றாகத்தான் சொன்னாள். வேதாளத்தின் விதி இரண்டே வரி. அந்த இரண்டு வரியும் சேர்ந்து விக்கிரமாதித்தனுக்குத் தப்பிக்கவே வழியில்லாமல் செய்துவிடுகின்றன. அறிவாளியாக இருப்பதே அவனுக்குத் தண்டனை. நான் அம்புலிமாமாவில் மாதாமாதம் அதைப் படித்தபோது, விடை தெரியாத முட்டாளாக இருந்திருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பானே என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

பதிலுக்கு நான் கூடுவிட்டுக் கூடு பாய்தலைச் சொன்னேன். விக்கிரமாதித்தன் கிளியின் உடலுக்குள் போகிறான். அவன் உடல் காவலின்றிக் கிடக்கிறது. வேறொருவன் அதற்குள் புகுந்து அரண்மனைக்கு நடந்து போய்விடுகிறான். இதுவும் விதிதான், ஓட்டையோடு கூடிய விதி. அப்புறம் திருமூலர். சேக்கிழார் சொல்லும் கதையில், சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான், பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியே வந்த யோகிக்குப் பசுக்களின் துயரம் தாங்கவில்லை. தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுந்து எழுகிறார். பசுக்களுக்கு ஆனந்தம். சாயங்காலம் அவை வீடு திரும்புகின்றன. மூலனின் மனைவி காத்திருக்கிறாள். எழுந்து வந்திருப்பது அவள் கணவன் இல்லை. உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். போய்ப் பார்த்தால் பழைய உடலும் வைத்த இடத்தில் இல்லை.

பசுக்களின் கண்ணீர் நின்றது, அந்தப் பெண்ணின் கண்ணீர் தொடங்கியது. சிறுவயதில் இந்தக் கதையைப் பக்தியாக மட்டும் கேட்டிருக்கிறேன். இப்போது என் கண் அந்த வாசலில் நிற்கும் பெண்மேல்தான் போகிறது. அவள் கணக்கை யார் தீர்ப்பார்கள்?

இவள் கொஞ்ச நேரம் டீயைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "அது சிஸ்டத்தோட பிரச்சினை இல்ல அத்தை, அந்த ஆளோட பிரச்சினை" என்றாள். இதற்கு நான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

'டெஹானு' முடித்தேன். எர்த்சீ வரிசையில் மூன்றாவது புத்தகம் 1972-ல் வந்தது. நான்காவதான இது 1990-ல். மூலன் மனைவியின் வாசலிலிருந்து எழுதப்பட்ட மாயக்கதை என்று இதைச் சொல்வேன்.

உலகைக் காப்பாற்றிவிட்டு, சக்தியெல்லாம் தீர்ந்துபோன கெட்டை ஒரு டிராகன் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. கவனித்துக்கொள்பவள் டெனார், நடுவயது விதவை. அவள் பொறுப்பில் தெர்ரு என்ற குழந்தை இருக்கிறாள். சொந்த மனிதர்களே தீயில் போட்டதில் முகமும் கையும் வெந்த குழந்தை. கெட் வெட்கத்தில் ஒளிந்து, மலைக்குப் போய்ப் பழையபடி ஆடு மேய்க்கிறான். கடலுக்குப் போன டெனாரின் மகன் திரும்பி வந்து, தான் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவ மறுக்கிறான். அது பெண்கள் வேலையாம். ஒரு எழுத்தாளர் டிராகன்கள் பறக்கும் உலகத்தில் எச்சில் தட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் எனக்கு ஏற்பட்ட பதற்றம் எந்தப் போர்க் காட்சியிலும் ஏற்பட்டதில்லை.

அண்ணன் மகள் இதைப் போன மாதமே பாதியில் வைத்துவிட்டாள். "ஒண்ணுமே நடக்கலை அத்தை. கெட்டை ஏன் இப்படி ஆக்கினாங்க?" வெளிவந்த காலத்திலும் நிறைய வாசகர்களின் குறை இதுதான். இருபது வயதில் படித்திருந்தால் எனக்கும் பிடித்திருக்காதோ என்னவோ. ஆனால் "ஒன்றும் நடக்கவில்லை" என்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தக் குழந்தை மற்றவர்கள் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்துகிறாளா என்பதே நிகழ்ச்சிதான்.

நவம்பர் 27, வியாழன்

அவள் வற்புறுத்தலில் 'மிஸ்ட்பார்ன்' முதல் பாகத்தைப் படித்து முடித்தேன். வானத்திலிருந்து சாம்பல் பெய்யும் ஊர், ஆயிரம் வருடமாக ஆளும் ஒரே அரசன், அவனைக் கவிழ்க்கத் திட்டமிடும் திருட்டுக் கூட்டம்.

என் தீர்ப்பு: நடை தட்டை, வேகம் அபாரம். உலோகச் சண்டைகளை அவள் சொன்னபடியே மனதில் வரைந்துகொள்ள முடிந்தது, அது ஒரு சந்தோஷம். ஆனால் என்னைப் பிடித்து வைத்தது உலோகம் இல்லை. தெருவில் வளர்ந்த வின்னின் தலைக்குள் அவள் அண்ணனின் குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது: எல்லோரும் உன்னைக் கைவிடுவார்கள். அந்தக் குரலை மீறி அவள் முதன்முதலாக நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடும் இடங்கள்தான் எனக்குக் கதை.

போனில் சொன்னேன். "அதுக்கும் சேர்த்துத்தான் அத்தை சிஸ்டம். உலோகம் சொன்னபடி நடந்துக்குது, மனுஷங்க நடந்துக்குவாங்களான்னு அவளுக்குத் தெரியாது" என்றாள். இதை அவள் ஒரு கட்டுரையாக எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

நவம்பர் 30, ஞாயிறு

அடுத்த மாதத்துக்கு என்ன என்ற பேச்சு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் வேண்டாம் என்று மாமா முதலிலேயே கை காட்டிவிட்டார். ஐந்தாம் பாகம் 2011-ல் வந்தது, ஆறாவதற்காக இந்த வயதில் காத்திருக்க முடியாது என்கிறார். முடியாத கதையையும் படிக்கலாம் என்பது என் எண்ணம். முடிவுக்காக மட்டுமா படிக்கிறோம்?

அவள் 'தி வீல் ஆஃப் டைம்' என்கிறாள். 1990-ல் ராபர்ட் ஜோர்டன் தொடங்கியது. 2007-ல் அவர் இறந்துபோக, அவர் மனைவி 'மிஸ்ட்பார்ன்' படித்துப் பார்த்த பிறகு மிச்சத்தை எழுதச் சாண்டர்சனையே தேர்ந்தெடுத்தார். 2013-ல் முடிந்தது. மொத்தம் பதினான்கு பாகம். மாமா எழுந்து காபி போடப் போய்விட்டார்.

கடைசியில் மூவரும் சேர்ந்து 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' படிப்பதாக முடிவு. எர்த்சீயின் இரண்டாம் பாகம், சின்னப் புத்தகம். விளக்கே கொண்டுபோகக் கூடாத நிலவறைகளில் தடவித் தடவி வழி கற்கும் ஒரு சிறுமிதான் கதை. கெட் வருவதற்கே ரொம்ப நேரமாகும். அங்கே எத்தனை விதி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே படிக்கப் போவதாக அவள் சொல்லியிருக்கிறாள். எண்ணட்டும். அந்தச் சிறுமியின் பெயரை அவளிடமிருந்து பிடுங்கியவர்களையும் சேர்த்து எண்ணச் சொல்லியிருக்கிறேன்.