மணிக்கு 34 முறை

ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போதே அந்தப் பயம் வந்துவிடும். இன்றைக்குத் தூங்குவேனா, தூங்கினாலும் மறுபடி அப்படி எழுந்துவிடுவேனா என்று. நடுராத்திரியில் யாரோ தொண்டையை அமுக்கியதுபோல் திடுக்கென்று எழுந்து உட்காருவேன், நெஞ்சு படபடவென்று அடிக்கும், நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அமுக்குவான் பேய் என்று மாமியார் திருநீறு பூசிவிட்டார். மாதவிடாய் நிற்கிற வயசு, டென்ஷன்தான் என்று ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை போட்டால் காலைத் தலைவலி இன்னும் அதிகமானது. குறட்டையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

லீவுக்கு வந்த மகள்தான் பக்கத்தில் படுத்து, என் குறட்டையைப் போனில் பதிவு செய்தாள். நல்ல சத்தமாகக் குறட்டை, அப்புறம் ஒன்றுமே இல்லை, இருபது விநாடிக்குச் சத்தமே இல்லை, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியதுபோல் ஒரு மூச்சு. கேட்டு முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம் என்று, ராத்திரி தூங்கும்போது கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடி எடுக்கச் சொன்னார் நுரையீரல் டாக்டர். தூக்கமே வராதவளை ஆஸ்பத்திரியில் போய்த் தூங்கச் சொன்னால் எப்படி? தலை, கண்ணோரம், தாடை, கால் எல்லாம் ஒயர், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப். "சில மணி நேரம் தூங்கினாலே போதும்க்கா, பதறாதீங்க" என்று ஒயர் ஒட்டிய பெண் சொன்னாள். விடிய விடிய விழித்திருந்ததாகத்தான் நினைத்தேன். ஐந்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன் என்று ரிப்போர்ட் சொன்னது.

மூச்சு பத்து விநாடியாவது நிற்பதையும், வெகுவாகக் குறைவதையும் எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்குப் போடுகிறார்கள். 5-க்குள் இருந்தால் பரவாயில்லை, 30-ஐத் தாண்டினால் தீவிரம். எனக்கு 34. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து வழியை அடைக்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுமாம். அந்த உலுக்கலைத்தான் இத்தனை நாள் மனக்கோளாறு என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைபடாமல் வைத்திருக்கும் சிபாப் மெஷின் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாஸ்க் போட்டாலே மூச்சு முட்டியது, அதனால் பகலில் டிவி பார்க்கும்போது கொஞ்ச நேரம் போட்டுப் பழகச் சொன்னார் டாக்டர். கட்டிலைப் பார்த்தாலே பயப்பட உடம்பு பழகிப்போயிருந்தது, அதற்குத் தனியாகவே பழக்கம் தேவைப்பட்டது. படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் போய் உட்காருவேன், கண் சொருகினால்தான் திரும்பப் படுப்பேன். கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். இது பிடிபட இரண்டு மாதம் ஆனது.

நேற்று மெஷின் காட்டியது மணிக்கு 3. காலையில் தலைவலி இல்லை. இன்னும் சில ராத்திரி பாத்திரம் கழுவும்போது கை லேசாக நடுங்கும், அப்போது மகளுக்குப் போன் போட்டுக் கொஞ்சம் பேசிவிட்டுப் படுக்கப் போகிறேன்.