குட்டி கேலக்ஸியில் வாயு குவிந்து கிடந்தும் நட்சத்திரம் ஏன் வேகமாகப் பிறப்பதில்லை?

வாயு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் நட்சத்திரம் வேகமாகப் பிறக்கும். 1959-ல் வானியலாளர் மார்ட்டென் ஷ்மிட் இதை ஒரு கணக்காகவே எழுதிவிட்டார். 1998-ல் இன்னொரு வானியலாளர் ராபர்ட் கெனிகட் பல கேலக்ஸிகளை வைத்துப் பார்த்தபோது, வாயுவின் பரப்படர்த்தி (ஒரு சதுரப் பரப்புக்கு எவ்வளவு வாயு என்பது) இரண்டு மடங்கானால் பிறப்பு வேகம் சுமார் 2.6 மடங்காகிறது என்று வந்தது. பெரிய சுருள் கேலக்ஸிகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது, குட்டிகளிடம் வந்தால்தான் இடிக்கிறது.

பல குட்டி கேலக்ஸிகளில் நட்சத்திரங்களின் மொத்த எடையைவிட வாயுவின் எடை அதிகம். 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையில் பார்த்தால், நட்சத்திரங்கள் முடியும் இடத்தையும் தாண்டி ஹைட்ரஜன் பரந்து கிடக்கும். இவ்வளவு சரக்கு இருந்தும் சிலவற்றில் வேலை நடக்கும் வேகத்துக்கு, அதைத் தீர்க்கப் பிரபஞ்சத்தின் வயதே போதாது. எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது இதுதான்.

சிக்கல் 'அடர்த்தி' என்ற சொல்லிலேயே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். தொலைநோக்கியில் நமக்குக் கிடைப்பது பரப்படர்த்தி, அதாவது முன்னும் பின்னும் இருக்கிற வாயுவையெல்லாம் ஒரே தளத்தில் அமுக்கிக் கூட்டிய எண். மேகம் தன் எடையாலேயே உள்நோக்கிச் சரிந்து நட்சத்திரமாகுமா என்பதோ கன அடர்த்தியை, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்குள் எவ்வளவு வாயு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. (ஷ்மிட் முதலில் எழுதியதும் கன அடர்த்தியை வைத்துத்தான்!) குட்டி கேலக்ஸியின் ஈர்ப்பு பலவீனம், வாயுவைத் தட்டையாக அமுக்கிவைக்க அதனால் முடியாது, அது தடிமனாக உப்பிக் கிடக்கும். பரப்படர்த்தி அதேதான், உள்ளே வாயு நீர்த்துப்போயிருக்கும். கன சென்டிமீட்டருக்கு 100 அணு இருக்கும் மேகம், தடுக்க எதுவும் இல்லையென்றால், சுமார் 45 லட்சம் ஆண்டில் சரிந்துவிடும். ஒரே ஒரு அணு என்றால் 4.5 கோடி ஆண்டு.

அப்புறம் தூசி. நட்சத்திரம் பிறப்பது பெரும்பாலும் மூலக்கூறு வாயு மேகங்களில். ஹைட்ரஜன் அணுக்கள் மூலக்கூறாகச் சேர்வதே பெரும்பாலும் தூசித் துகள்களின் மேல்தான், மூலக்கூறை உடைக்கும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் தூசிதான். கனமான தனிமங்கள் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த மற்றவை) குறைந்த குட்டிகளில் தூசியும் குறைவு. சுமார் 30 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள டபிள்யூஎல்எம் என்ற குட்டி கேலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனில் இருக்கும் விகிதத்தில் 13 சதவீதம்தான் அங்கே கனமான தனிமங்கள். 2015-ல் வெளியான ஆய்வில், ஆல்மா ரேடியோ தொலைநோக்கியால் பார்த்தபோது அதில் 10 கார்பன் மோனாக்சைடு மேகங்கள் (மூலக்கூறு வாயு அடர்ந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பவை) தெரிந்தன, சராசரி ஆரம் வெறும் 6.5 ஒளியாண்டு. பெரிய வாயுத் திரளுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன விதைகள். அந்த விதைக்குள் மட்டும் அடர்த்தி போதுமான அளவுக்கு ஏறியிருக்கிறது, கேலக்ஸியின் சராசரியைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது.