எச்01எம் ஏமாற்றிய கதை

காப்புரிமை டிராஃப்ட் எழுதும் வேலையில் புதுக் கோப்பு வந்ததும் நான் முதலில் பார்ப்பது, அது எந்த வகைப்பாட்டு எண்ணில் போய் விழும் என்பதைத்தான். அமெரிக்க, ஐரோப்பிய அலுவலகங்கள் 2013 முதல் சேர்ந்து பயன்படுத்தும் சிபிசி பட்டியலைச் சொல்கிறேன். எஃப்16பி என்றால் நட்டு, போல்ட்டு, கிளிப் சமாச்சாரம். ஒரு கிளிப்பின் படத்தைப் போட்டு, கொக்கியை இப்படியும் வளைக்கலாம் அப்படியும் வளைக்கலாம் என்று நாலு வரி எழுதினால் படிக்கிற மெக்கானிக்கல் ஆளுக்கு மீதி தானாகப் புரிந்துவிடும். சி07டி, அதாவது கரிம வேதிச் சேர்மங்கள், அப்படியில்லை. மீத்தைல் இருந்த இடத்தில் ஈத்தைல் போட்டால் மருந்து வேலை செய்யுமா என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும், அதனால் அங்கே எடுத்துக்காட்டும் அட்டவணையுமாகப் பக்கம் பக்கமாக ஓடும்.

இது எழுதுபவர்களின் பழக்கம் மட்டுமல்ல, அமெரிக்க நீதிமன்றங்களும் அப்படித்தான் பார்க்கின்றன. ஆம்ஜென் நிறுவனம் 26 ஆன்டிபாடிகளின் அமினோ அமில வரிசையைக் கொடுத்துவிட்டு, பிசிஎஸ்கே9 புரதத்தில் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு அதைத் தடுக்கும் அத்தனை ஆன்டிபாடிகளும் தனக்கே என்றது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடியாது என்றுவிட்டது: எவ்வளவுக்கு உரிமை கேட்கிறாயோ அவ்வளவையும் மற்றவர் செய்துபார்க்கும்படி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அதில் 1895-ஆம் வருடத்துப் பல்பு வழக்கையும் எடுத்துக்காட்டியிருந்தார்கள்: சாயரும் மேனும் கரியாக்கிய காகிதத்தை வைத்துக்கொண்டு பல்பின் இழைக்கு நாருள்ள பொருள் எல்லாவற்றுக்கும் உரிமை கேட்டுத் தோற்றார்கள்; எடிசனோ ஆயிரக்கணக்கில் சோதித்துத்தான் மூங்கிலைக் கண்டுபிடித்தார்.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஒருமுறை சறுக்கினேன். பேட்டரி எலக்ட்ரோலைட்டில், அதாவது உள்ளே அயனிகளைக் கடத்தும் கரைசலில், கலக்கும் ஒரு சேர்மம். எண் எச்01எம், எச் என்றால் மின்சாரப் பிரிவு, சரி, நம்ம ஏரியாதான் என்று சர்க்கியூட்டுக்கு எழுதுவது போல எழுதிவிட்டேன். கிளைமில், அதாவது உரிமை கேட்கும் வாசகத்தில், சேர்மத்தின் அளவு 0.1 முதல் 20 சதவீதம். ஆய்வகத்தில் செல் கட்டி ஓட்டியதோ 1, 2 சதவீதத்தில் மட்டும். பேட்டரி மின்சாரப் பிரிவில் இருந்தாலும் எலக்ட்ரோலைட் அசல் வேதியியல், கொஞ்சம் கூடினாலும் என்ன ஆகும் என்று உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாது. எக்ஸாமினர் அதையேதான் கேட்டார். தாக்கல் செய்தபின் விவரணையில் புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்க முடியாதே! கடைசியில் கிளைம் 1 முதல் 2 சதவீதம் என்று சுருங்கியது.

இப்போதெல்லாம் எண்ணைப் பார்த்த கையோடு கண்டுபிடித்தவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: "இதில் எது வேலை செய்யவில்லை?" கிளிப்காரர்கள் முழிக்கிறார்கள். வேதியியல்காரர்கள் அரை மணி நேரம் பேசுகிறார்கள்.