குடிபோதை விபத்து வழக்கில் தண்டனையை எதிர்த்து அப்பீல்: எங்கள் வீட்டு அனுபவம்

என் தம்பிக்கு 5 வருடக் கடுங்காவல். 2019ல் குடித்துவிட்டு கார் ஓட்டினான், சைக்கிளில் போன ஒரு கொத்தனார் இறந்துபோனார். செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு 2022ல் வந்தது. அவன் செய்ததை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. அப்பீல் என்றால் என்ன நடக்கும் என்று அப்போது எங்களுக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பிரிவில் தண்டனை என்று பாருங்கள், பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. பழைய சட்டத்தில் (இந்திய தண்டனைச் சட்டம்) 304-ஏ என்றால் கவனக்குறைவால் மரணம், அதிகபட்சம் 2 வருடம். பெரும்பாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முடியும், 30 நாளுக்குள் செஷன்ஸில் அப்பீல் போடலாம். ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவர் என்றால், அப்பீல் போடும்வரை தண்டனையை அந்த மாஜிஸ்திரேட்டே நிறுத்திவைக்க முடியும். எங்களுக்கு அந்த வழி இல்லை. போட்டது 304 இரண்டாம் பாகம், அதாவது மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்தது, 10 வருடம் வரை போகும். 3 வருடத்துக்கு மேல் தண்டனை என்பதால் அன்று சாயங்காலமே மத்திய சிறைக்கு ஏற்றிவிட்டார்கள். ஹைகோர்ட்டில் அப்பீல் போட 60 நாள். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த விபத்துக்குப் புதுச் சட்டம் (பாரதிய நியாய சன்ஹிதா), 304-ஏ இடத்தில் 106 வந்து அதுவே 5 வருடம் வரை ஆகிவிட்டது.

தீர்ப்பு நகலைத் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வக்காலத்தில், அதாவது வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், தம்பி ஜெயிலுக்குள் கையெழுத்துப் போட, ஜெயிலர் சான்று போட்டு வெளியே வரும். ஜெயிலில் அவனைப் பார்க்க (மனு பார்ப்பது என்பார்கள்) போகும்போது அவனிடம் கேட்க நினைத்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன், இல்லாவிட்டால் அந்தக் கொஞ்ச நேரமும் அழுகையிலேயே போய்விடும்.

அப்பீலோடு தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லும் மனுவையும் சேர்த்தே போட வேண்டும். ஆயுள் தண்டனையாக இல்லாமல் இத்தனை வருடம் என்று குறிப்பிட்ட தண்டனையாக இருந்து அப்பீல் சீக்கிரம் விசாரணைக்கு வராது என்றால் தாராளமாகப் பார்க்கலாம் என்று 1999லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியும் எங்கள் முதல் மனு தள்ளுபடி, சில மாதம் கழித்துப் போட்டதில்தான் கிடைத்தது. உத்தரவு வந்த கையோடு ஆள் வெளியே வந்துவிடுவான் என்று அம்மா கோழி வாங்கிவிட்டார். உத்தரவு நகல் விசாரணை கோர்ட்டுக்கு வந்து, ஜாமீன்தாரர் இரண்டு பேர் வரி ரசீதோடு நின்று, அபராத ரசீதைக் காட்டி, அப்புறம்தான் ஜெயிலுக்கு ஆர்டர் போனது.

வாதத்துக்கு நான் குடும்பக் கஷ்டத்தைப் பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். வக்கீல் வாங்கி ஓரமாக வைத்தார். "தம்பி, இதைக் கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு வெச்சுக்கலாம். ரத்தம் எடுத்த நேரம் என்னன்னு பார்த்தீங்களா?" பார்த்தால், இன்ஸ்பெக்டர் சாட்சியத்தில் ஒரு நேரம், டாக்டர் சாட்சியத்தில் வேறு நேரம். அதனால் ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது என்பது வாதம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் சட்டம் விட்டுவைக்கும் அளவு, தம்பிக்கு அதைவிடப் பல மடங்கு. நீதிபதி ஒரே கேள்விதான் கேட்டார்: சாராய வாடை அடித்தது என்று ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டிலேயே டாக்டர் எழுதியிருக்கிறாரே? அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

அரசு வக்கீல் மும்பை அலிஸ்டர் பெரேரா வழக்கைக் காட்டினார். 2006ல் பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய 7 பேர் இறந்த வழக்கு. விசாரணை கோர்ட் கொடுத்தது 6 மாதம், ஹைகோர்ட் அதை 304 இரண்டாம் பாகத்துக்கு மாற்றி 3 வருடமாக்கியது, 2012ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அரசுத் தரப்பும் மேலே போனால் தண்டனை கூடும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. எங்கள் கேஸில் 5 வருடம் போதவில்லை என்று அரசு அப்பீல் போடாதது எங்கள் அதிர்ஷ்டம்.

கொஞ்சமாவது எடுபட்டது ரோட்டில் இருந்த டயர் தடம். பார்வை மகஜரில், அதாவது போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பில், பிரேக் பிடித்த தடத்தின் நீளம் குறித்திருந்தது. 108க்கு போன் போட்டதும் தம்பியின் நம்பரிலிருந்துதான். ஆனால் பாரில் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்ற பையன், "ஓட்டாதீங்கண்ணே, ஆட்டோ பிடிச்சுத் தரேன்னு சொன்னேன்" என்று சாட்சி சொல்லியிருந்தான். 304-ஏவுக்கு மாற்றச் சொன்ன வாதம் அந்த ஒரு வரியில் படுத்துவிட்டது.

நடுவில் சொந்தக்காரர்கள் சிலர் "அந்தக் குடும்பத்தோட பேசி முடிச்சிடலாமே" என்று ஆரம்பித்தார்கள். இந்தப் பிரிவில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது, சாட்சிகளிடம் போய்ப் பேசினால் புதுக் கேஸ்தான் வரும். இறந்தவரின் குடும்பத்துக்கு விபத்து இழப்பீடு தனியாக எம்.சி.ஓ.பி. (மோட்டார் வாகன விபத்து இழப்பீடு கேட்கும் மனு) வழக்கில் நடந்தது, அது இதோடு சேராது. கடைசி வாதத்தன்று இறந்தவரின் மனைவி வந்திருந்தார். தம்பிக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற ரீதியில் எங்கள் வக்கீல் பேசும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தீர்ப்பு: குற்றம் உறுதி, 5 வருடம் 3 ஆகக் குறைப்பு, அந்தக் குடும்பத்துக்குத் தனியாக இழப்பீடு. நின்று உதவி கூப்பிட்டதையும் முன்வழக்கு இல்லாததையும் தண்டனை அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரிமாண்டிலும் அப்பீல் சமயத்திலும் உள்ளே இருந்த நாட்கள் கழியும், மீதிக்கு அவன் சரணடைய வேண்டும். உச்ச நீதிமன்றம் போகலாமா என்று கேட்டதற்கு வக்கீல், போகலாம், ஆனால் அங்கே பொதுவாக முதலில் சரணடைந்துவிட்டுத்தான் மனு எடுப்பார்கள் என்றார். தம்பி வேண்டாம் என்றுவிட்டான். இழப்பீட்டுப் பணத்தை டெபாசிட் செய்துவிட்டு, கெடு முடிவதற்குள் விசாரணை கோர்ட்டில் போய் நின்றான்.